கிடா வாடையும் கார்டு லைன் கொழுப்பும்



கிடா கட்டிய கொட்டகை எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை, காற்று சொல்லிவிடும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளமும் பருத்தியும் கைவிட்ட வருஷத்தில் பல வீடுகளைத் தாங்குவது நாலு வெள்ளாடுதான். அந்த வெள்ளாட்டின் பெயர் வேதியியல் பாடப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது என்பது மேய்ப்பவர்கள் பலருக்குத் தெரியாத சங்கதி.

பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரல் விலங்குக் கொழுப்புகளை வருஷக்கணக்கில் ஆராய்ந்து, 1823-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். வெண்ணெயிலிருந்து அவர் பிரித்த சில அமிலங்களில் ஆட்டு வாடை அடித்தது. லத்தீனில் வெள்ளாட்டுக்கு ‘காப்ரா’ என்று பெயர். அதையே அமிலங்களுக்கு வைத்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். ஆறு கார்பன் உள்ளது கேப்ராயிக், எட்டு உள்ளது கேப்ரிலிக், பத்து உள்ளது கேப்ரிக். ஆட்டுப்பால் கொழுப்பில் இந்த மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 15 அளவில் இருக்கும். பசும்பாலில் அதில் பாதிகூடத் தேறாது. கிடாவின் வாடைக்கு முக்கியக் காரணமும் எட்டுக் கார்பன் சங்கிலியில் ஒரு கிளை முளைத்த அமிலம்தான்.

எண்ணெய் என்றால் என்ன? கோயில் வாசலில் நட்டிருக்கும் சூலத்தை நினைத்துக்கொண்டால் போதும். கைப்பிடி கிளிசரால், மூன்று முனைகளும் கொழுப்பமிலச் சங்கிலிகள். மொத்தமாக அதற்கு ட்ரைகிளிசரைடு என்று பெயர். கடலெண்ணெய், நல்லெண்ணெய், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரியில் இருக்கும் கொழுப்பு எல்லாவற்றிலும் இந்த முனைகள் நீளம். பெரும்பாலும் 18 கார்பன். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம். மருத்துவமனைகளில் ‘எம்சிடி’ என்று சொல்லும் நடுத்தரச் சங்கிலி ட்ரைகிளிசரைடில் எட்டும் பத்தும் கொண்ட முனைகளே அநேகமாக முழுவதும். ஆனால் நல்ல எம்சிடியில் ஆட்டு வாடை துளியும் வராது. அமிலம் கிளிசராலோடு பிணைந்திருக்கும்வரை வாடை அடங்கிக் கிடக்கும். பிணைப்பு அறுந்தால்தான் கிளம்பும். ஈரக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் நாளாக நாளாகக் காறிப்போவதற்கும் அதுவே காரணம்.

லாரிக்கைவிட இரண்டே கார்பன், நான்கே கார்பன் குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? உடம்புக்குள் பாதையே மாறிவிடும். சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போக இரண்டு வழி உண்டு. சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு போவது மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே போவது கார்டு லைன். ரயில் இல்லாத பெரம்பலூர் நகரத்துக்காரருக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அவரும் அரியலூர் வந்துதானே வண்டி ஏறுகிறார்.

கடலெண்ணெய் மெயின் லைன் பயணி. பித்தநீர் வந்து அதைக் கரைக்க வேண்டும். குடல் அதைப் புரத உறையில் பொட்டலம் கட்டி நிணநீர்க் குழாயில் ஏற்றும். மார்பு வழியாகச் சுற்றி, கழுத்தடி வரை ஏறிய பிறகே அது ரத்தத்தில் கலக்கும். எம்சிடிக்குப் பித்தநீரும் பெரிதாக வேண்டாம், பொட்டலமும் வேண்டாம். குடலிலிருந்து நேரே ரத்தக் குழாயில் ஏறிக் கல்லீரலில் இறங்கிவிடும். அங்கே சேமிப்புக்குப் போகாமல் பெரும்பாலும் உடனே எரிந்துவிடும்.

மெயின் லைனில் அடைப்பு வந்தால் என்ன செய்வது? கொள்ளிடத்துக்குத் தெற்கே கும்பகோணமும் யானைக்கால் நோயும் ஒரு காலத்தில் ஒன்றாகப் பேசப்பட்ட பெயர்கள். கொசு கொண்டுவரும் அந்த நோயின் புழுக்கள் குடியிருப்பது நிணநீர்க் குழாய்களில்தான். சிலருக்குக் கால் வீங்கும். வேறு சிலருக்கு, குழாய் பழுதாகி, குடலிலிருந்து வரும் கொழுப்பு நிணநீர் சிறுநீர்ப் பாதையில் கசியும். விருந்து சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் பால் போல வெளுத்துப் போகும். பார்த்தவர் பயந்துபோவது இயல்பு. இந்த நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் பத்தியத்தில் மற்ற எண்ணெய்களைக் குறைத்து எம்சிடி சேர்ப்பது முக்கியமான ஒன்று. அடைபட்ட பாதைக்கே போகாத கொழுப்பு அது. விலை கட்டுப்படியாகாதவர்களுக்குத் தேங்காய் எண்ணெயைச் சொல்வதும் இந்திய மருத்துவமனைகளில் உண்டு.

பித்தநீர்ப் பாதை அடைபட்ட கைக்குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கும் தயாரிக்கும் சிறப்புப் பால்மாவிலும் எம்சிடி சேர்ப்பார்கள். வலிப்பு நோய்க்கும் அது பயன்படுகிறது. கல்லீரல் இந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற பொருளைத் தாராளமாக உண்டாக்கும்; மூளை சர்க்கரைக்குப் பதில் அதை எரித்துக்கொள்ளும். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு எம்சிடி கலந்த உணவுமுறையை அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர் 1971-இல் அறிமுகப்படுத்தினார். பழைய கீட்டோன் பத்தியத்தைவிட இதில் கொஞ்சம் கூடுதலாகச் சோறு சாப்பிடலாம். நம் ஊர்க் குழந்தைக்கு இது சின்ன விஷயமில்லை. வயிற்றுவலியும் பேதியும் கூடவே வரலாம் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாத பத்தியம் இது.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் காலையில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை விழுங்கத் தொடங்குவார்கள். தேங்காய் எண்ணெய் வேறு, எம்சிடி வேறு. லாரிக் அமிலத்தை நடுத்தரச் சங்கிலி என்று ஏட்டில் எழுதினாலும் அதில் பெரும்பகுதி மெயின் லைன் வண்டியில்தான் ஏறுகிறது. கெட்ட கொலஸ்ட்ராலையும் கூட்டுகிறது. எட்டும் பத்தும் கொண்ட சங்கிலிகள் 100 கிலோ தேங்காய் எண்ணெயில் 15 கிலோ அளவுக்குள்தான். எண்ணெயை நீராவி அழுத்தத்தில் பிளந்து, அந்தப் பங்கை மட்டும் காய்ச்சி வடித்து, மறுபடி கிளிசராலில் கோப்பதற்கு ஆலை வேண்டும். மரச்செக்குக்கு ஆகாத வேலை. அப்படி எடுத்த எம்சிடியை மட்டுமே நம்பியும் வாழ முடியாது. உடம்பால் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத லினோலிக் அமிலம் அதில் இல்லை, கடலெண்ணெயில் இருக்கிறது. வடை சுடவும் எம்சிடி உதவாது. சீக்கிரம் புகைந்துவிடும், நுரைத்துக்கொண்டும் வரும்.

பிரித்தெடுத்தது போக மிஞ்சும் லாரிக் அமிலம் சோப்பு ஆலைகளுக்குப் போகிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே கிணற்றுத் தண்ணீர் கடினமானால் துவைக்கிற சோப்பு திரிந்து நிற்கும். அந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைத்துக் காட்டுவது தேங்காய் எண்ணெய்ச் சோப்புதான்.

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்கும்; அதன் உருகுநிலை சுமார் 24 டிகிரி. எம்சிடி ஃபிரிட்ஜில் வைத்தாலும் உறையாது. நிறமும் கிடையாது, லேசில் காறவும் காறாது. மருந்து கரைக்கவும் முகப்பூச்சு செய்யவும் ஆலைக்காரர்கள் இதைத் தேடுவது அதனால்தான். ஜெயங்கொண்டம் கடைவீதியில் வாங்கும் ஒரு கிரீம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் ‘கேப்ரிலிக் கேப்ரிக் ட்ரைகிளிசரைடு’ என்று போட்டிருக்கலாம். மல்லிகை மணக்கும் அந்தக் கிரீமின் சீட்டில், ஆட்டின் பெயர் இரண்டு தடவை.