உழவும் மண்ணின் முதலும்



உழவைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இன்றியே பயிர் செழிக்கும் என்பது அதில் ஒரு குறளின் கருத்து. அதனைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். எரு இல்லாமல் பயிருக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று நான் மாணவரைக் கேட்டதில்லை. என்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை.

விடை மண்ணுக்குள் இருக்கிறது. பட்ட வேரும் உதிர்ந்த சருகும் மக்கி, மண்ணில் கரிமமாகத் தங்குகின்றன. உலகத்து மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்திற்குள் இவ்வாறு தங்கியுள்ள கரிமம், காற்றுமண்டலத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. உழும்போது கட்டிகள் உடைந்து காற்றுப் புகுகிறது; மூடிக்கிடந்த மக்கு நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அதிலிருந்து விடுபடும் தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கிறது. கரிமமோ கரியமில வாயுவாகி வெளியேறுகிறது. காய்ந்த மண் மழையில் நனைந்ததும் இவ்வாயு திடீரெனப் பெருகுவதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த பர்ச் என்னும் அறிஞர் 1958-இல் விளக்கினார். ஆகவே, வள்ளுவர் கண்ட விளைவு மெய்யே. ஆயினும் அது வட்டியில் வந்த வரவு அன்று. முதலிலிருந்து எடுத்த செலவு.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இம்முதல் எளிதில் திரும்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஒரு போகம். மண்ணுக்கு மிஞ்சும் தழையும் வேரும் சொற்பம். முன்பு ஆட்டுக்கிடையும் மாட்டெருவும் ஓரளவு ஈடு செய்தன. இன்று டிராக்டர் பலமுறை உழுகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் நைட்ரஸ் ஆக்ஸைடும் எழும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பம் கூட்டவல்லது.

உழவையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோடை உழவு மழைநீரை உள்ளே இறக்குகிறது, களையை அழிக்கிறது. உழாத நிலத்தில் மேல்மண்ணில் கரிமம் கூடினாலும், அடிமண்ணில் கூடாதிருப்பதும் உண்டு. ஆனால் வறண்ட பகுதிகளில் பத்தாண்டுக்கு மேல் உழவைக் குறைத்த வயல்களில் நைட்ரஸ் ஆக்ஸைடு குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

என்னிடம் படித்த சம்சாரி ஒருவரிடம், அறுவடைக்குப் பின் தட்டையை நிலத்திலேயே விட்டுவைக்கலாமே என்றேன். "மாட்டுக்கு எதைப் போடுவது, ஐயா?" என்றார். நியாயமான கேள்வி. தட்டை முழுவதையும் மண்ணுக்குக் கொடுக்க அவரால் இயலாது. அடிக்கட்டையை விட்டுவைக்கலாம், கிடை போடலாம், பயறு வகைகளை ஊடுபயிராக்கலாம், தேவையில்லாத ஓர் உழவைக் குறைக்கலாம். கரிசல் வெயிலில் தானே வெடித்து, மேல்மண்ணை வெடிப்பில் வாங்கித் தன்னைத்தானே ஓரளவு உழுதுகொள்ளும் மண் அல்லவா? குறையும் அந்த ஓர் உழவினால் டீசல் செலவு அவருக்கு மிச்சம். கரிமம் மண்ணுக்கு மிச்சம்.

இன்று அக்குறளை நடத்த நேர்ந்தால், பொருளைச் சொல்லி முடித்தபின் ஒரு கேள்வியையும் கரும்பலகையில் எழுதுவேன்: எடுத்ததை எப்போது திருப்பிக் கொடுக்கப் போகிறோம்?