யந்திரம் சொன்னால் வேதமா?



“விஞ்ஞானம் வேண்டும், யந்திரம் வேண்டும் என்று ஊர் ஊராய்ப் பேசி வந்த நீங்களே, இப்போது செயற்கை நுண்ணறிவைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறீர்களே, இது முன்னுக்குப்பின் முரண் அல்லவா?” என்று சில தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று இங்கு நிற்கின்றோம்.

நாம் யந்திரத்திற்கு விரோதிகள் அல்ல. மனிதன் முதுகில் சுமந்ததை யந்திரம் சுமக்கட்டும். மனிதன் கையால் அள்ளிய மலத்தை யந்திரம் அள்ளட்டும். இதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் “யந்திரம் சொல்லிவிட்டது, இனி அப்பீல் இல்லை” என்கிறார்களே, அதைத்தான் ஆட்சேபிக்கின்றோம். “சாஸ்திரம் சொல்லிவிட்டது, வாயை மூடு” என்று நம் பாட்டன் பூட்டனுக்குச் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்று புரோகிதன் ஏட்டைக் காட்டினான். இன்று உத்தியோகஸ்தன் கம்ப்யூட்டர் திரையைக் காட்டுகிறான். இரண்டையும் செய்தவன் மனிதன்தான் என்பது மாத்திரம் மறைக்கப்படுகிறது.

இது வெறும் பேச்சல்ல. நடந்த சங்கதியைச் சொல்லுகின்றோம். நெதர்லாந்து என்னும் டச்சுக்காரர் தேசத்தில், குழந்தைகளைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்குச் சர்க்கார் உதவிப் பணம் தருகிறது. மோசடியைக் கண்டுபிடிக்கவென்று வரி இலாகா 2013 முதல் தானே கற்றுக்கொள்ளும் ஒரு கணக்கு முறையைக் கம்ப்யூட்டரில் வைத்தது. அது ஒவ்வொரு மனுவுக்கும் சந்தேக மார்க்குப் போடும். அதற்கு எடுத்துக்கொண்ட விவரங்களில் ஒன்று, மனுதாரர் டச்சுப் பிரஜையா அல்லவா என்பது! மார்க்கு அதிகமானால் மனு ஓர் உத்தியோகஸ்தரிடம் போகும். ஏன் இந்த மார்க்கு என்பது அவருக்கும் தெரியாது. சட்டமும் கொடுமை, அதை நடத்தியவர்களும் கடுமை. யந்திரம் இரண்டுக்கும் கைகொடுத்தது. ஒரு கையெழுத்து விட்டுப்போன அற்பத் தவறுக்கும், வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டு என்றார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. அக்குடும்பங்களின் பிள்ளைகளில் ஆயிரத்திற்கு மேற்பட்டவர்கள் பெற்றோரைப் பிரித்து வேறிடத்தில் வைக்கப்பட்டார்கள். 2021 ஜனவரியில் மந்திரி சபையே ராஜினாமாச் செய்தது. மந்திரிகள் போனார்கள், சரி; பிரிந்த பிள்ளைகளின் காலம் திரும்பி வருமா?

இங்கிலாந்தின் கதையையும் கேளுங்கள். அங்கே தபால் ஆபீசுகளில் வைத்த ‘ஹொரைசன்’ என்பது செயற்கை நுண்ணறிவுகூட அல்ல; வெறும் கணக்குக் கம்ப்யூட்டர். அது பணம் குறைகிறது என்று தப்பாகக் காட்டிற்று. அதை நம்பி 1999 முதல் 2015 வரை 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சிலர் சிறைக்கும் போனார்கள். கடைசியில் 2024-ல் பார்லிமெண்டு சட்டம் செய்து தண்டனைகளை ரத்துச் செய்தது. கூட்டல் கழித்தல் யந்திரத்தை நம்பியதற்கே இந்தக் கதியென்றால், எப்படி இந்த முடிவுக்கு வந்தது என்று செய்தவனாலேயே முழுதும் விளக்க முடியாத யந்திரத்தை நம்பினால் என்ன கதி?

இந்த யந்திரத்திற்குச் சொந்த புத்தி கிடையாது. மனிதர்கள் எழுதி வைத்த கோடிக்கணக்கான பழைய விவரங்களைப் படித்து, அதன் போக்கிலேயே பதில் சொல்லுகிறது. அமேசான் கம்பெனி, வேலைக்கு ஆள் பொறுக்க ஒரு யந்திரம் செய்தது. பழைய மனுக்களில் பெரும்பாலும் ஆண்களே இருந்ததால், அது பெண்களின் மனுக்களுக்கு மதிப்பைக் குறைத்தது. பிறகு அதைக் கைவிட்டார்கள் என்பது 2018-ல் வெளியாயிற்று. நம் நாட்டின் பழைய விவரங்களில் என்ன இருக்கிறது? ஜாதி இருக்கிறது! ஜாதி என்ற கலத்தை எடுத்துவிட்டாலும், பெயர் காட்டிக்கொடுக்கும். ஊரும் தெருவும் காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட யந்திரம் கடன் மனுவையும் வேலை மனுவையும் தள்ளினால், மனுவுக்கு மானமும் விஞ்ஞானத்திற்குப் பழியும் வந்து சேரும். மனு தர்மத்தைத்தான் சொல்லுகின்றோம், விண்ணப்பத்தை அல்ல!

அபாயம் இவ்வளவோடு நிற்குமா என்பதும் சந்தேகமே. இத்துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவரும் 2024-ல் பௌதிகத்திற்கு நோபல் பரிசு பெற்றவருமான ஜெப்ரி ஹின்டன், 2023-ல் கூகுள் கம்பெனியை விட்டு விலகி, மனிதன் கையை மீறக்கூடும் என்று எச்சரித்து வருகிறார். சோதிடன் சொல்லவில்லை, தோழர்களே! செய்தவரே சொல்லுகிறார்.

“சட்டம் போட்டால் முன்னேற்றம் நின்றுவிடும்” என்கிறார்கள் முதலாளிகள். நம் நாட்டில் 1923-ல் பாய்லர் சட்டம் செய்து, சோதித்துச் சர்டிபிகேட் பெறாத பாய்லரை ஓட்டக்கூடாது என்றார்கள். ஆலைகள் மூடிப்போயினவா? அய்ரோப்பியர்கள் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தை 1-8-2024-ல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். மனிதர்களின் நடத்தைக்கு மார்க்குப் போட்டு அதனால் தீங்கு செய்வதற்கு 2025 பிப்ரவரி முதல் தடை. மீறும் கம்பெனிக்கு 3.5 கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 100-க்கு 7, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம்.

நாம் கேட்பதும் அதிகமில்லை. ஒருவனுடைய சோற்றையோ சுதந்திரத்தையோ தொடும் முடிவை யந்திரம் சொன்னால், அது யந்திரம் சொன்னது என்று அவனுக்குத் தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். மாற்ற அதிகாரமுள்ள ஒரு மனிதரிடம் அப்பீல் வேண்டும். வெளியார் சோதித்த பிறகே உபயோகிக்க வேண்டும். தப்பு நேர்ந்தால் கம்பெனியும் சர்க்காரும் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே தோழர்களே! நாளை உங்கள் மனுவைத் தள்ளிவிட்டு, “கம்ப்யூட்டர் சொல்லுகிறது” என்று எவராவது சொன்னால், பயந்து திரும்பாதீர்கள். “யார் செய்தது? எதைப் படித்தது? ஏன் சொல்லுகிறது?” என்று கேளுங்கள். வேதத்தைக் கேட்ட கேள்வியை யந்திரத்தையும் கேட்பதுதான் பகுத்தறிவு என்று சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம்.