படத் தகடும் வீட்டுத் திரையும்

மான்குர்தில் எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் திரைப்படத் தகடுகளே நிறைந்திருக்கின்றன. தாராவியின் 90 அடிச் சாலையிலும் மாட்டுங்காவிலும் சம்பளம் வந்த கையோடு வாங்கியவை அவை. இன்று தகடு விற்கும் கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசியிலேயே படம் பார்க்கும் இக்காலத்தில் இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தாங்கள் எண்ணக்கூடும். இணையத்தில் இன்று காணும் படம், உரிமை ஒப்பந்தம் முடிந்தவுடன் அங்கே இல்லாமற் போகலாம். அலமாரியில் இருப்பதோ, மழைக்காலத்துப் பூஞ்சை பிடிக்காமல் காத்துக்கொண்டால், அங்கேயே இருக்கும். ஆகவே தகட்டை விரும்புவோர் இன்னும் உளர். அவர்களுடைய குறைகளும் தீர்ந்தபாடில்லை.

1993இல் வகுக்கப்பட்ட வி.சி.டி. தகட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கும். மூன்று மணி நேரப் படமென்றால் மூன்று தகடுகள். கதை சூடு பிடிக்கும் தறுவாயில் வீட்டில் ஒருவர் எழுந்து சென்று தகட்டை மாற்ற வேண்டும். 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி. இத்தொல்லையைத் தீர்த்தது. எனினும், 2007இல் மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கிய பின்னரே எங்களைப் போன்ற குடும்பத்தினர் தயக்கமின்றி வாங்கினோம். அந்நிறுவனத்தைக் கலைக்க 2018இல் ஆணை பிறந்தது. 2006இல் வந்த புளூ-ரே தகட்டில் காட்சி மிகத் தெளிவு. ஆனால் அதில் வெளிவந்த தமிழ்ப் படங்கள் சிலவே.

வாங்குவோர் கூறும் குறைகளில் சிலவற்றை யாவரும் அறிவர். ஒரே தகட்டில் மூன்று படங்களைத் திணிப்பதால் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். திரையின் மூலையில் விற்பனையாளரின் முத்திரை படம் முடியுமட்டும் அகலாது. அகன்ற திரைக்கென எடுத்த படத்தின் இரு பக்கங்களையும் நறுக்குவது இன்னும் கொடிது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வெளிவந்தது. அத்தகைய படங்களைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அளவுக்கு வெட்டினால், காட்சியில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். அரசன் பேசுவான், யாரிடம் பேசுகிறான் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும்!

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க இயலாதது, திரையின் அடியில் ஓடும் வசன வரிகளைப் பற்றியது. மொழிபெயர்ப்பே என் அலுவலாதலால் இக்கோபம் எனக்குச் சற்று மிகுதி என்றும் கொள்ளலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1964இல் வெளியான ‘கர்ணன்’ படத்தை வீட்டில் போட்டோம். ஆங்கிலத்திலும் மராத்தியிலும் படித்து வளர்ந்த என் மகளுக்கு வீட்டுத் தமிழ் தெரியும். செய்யுள் நடை எட்டாது. அடுத்த வீட்டு மராத்தியப் பெண்மணியும் வந்து அமர்ந்தார். என் தாயாருக்குச் செவி மிகவும் மந்தம். கண் பார்வை நன்று, நாள்தோறும் தமிழ்ச் செய்தித்தாள் படிப்பவர். வசனம் வரும்போதெல்லாம் ஆங்கில வரிகள் ஓடின. கர்ணன் அம்புபட்டுக் களத்தில் கிடக்க, சீர்காழி கோவிந்தராஜன் குரலில் கண்ணன் பாடத் தொடங்கினான். வரிகள் நின்றுவிட்டன. “கண்ணன் என்ன சொல்கிறார், அப்பா?” என்றாள் மகள். கண்ணதாசனின் சொல்லுக்கு ஈடான ஆங்கிலச் சொல்லை நான் தேடிக்கொண்டிருக்கையிலேயே பாட்டு முடிந்தது. அந்த வரிகளை ஒரு காலத்தில் மனப்பாடமாகப் பாடிய என் தாயார், வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பாட்டு ஆகிவிட்டதா?” என்று கேட்டார்.

அலுவலகக் கோப்பில் ஒரு பத்தியை நான் விட்டுவிட்டால் விளக்கம் கேட்பார்கள். ஒரு படத்தின் ஆறு பாடல்களையும் விட்டுவிட்டால் கேட்பார் இல்லை. நம் படங்களில் பாட்டு ஊறுகாயன்று. கதையின் பாதியை அதுதானே சொல்கிறது?

தகட்டில் இடமில்லை என்று கூற வழியில்லை. வி.சி.டி.யில் வரிகளைப் படத்தோடு பதித்தாக வேண்டும். வேண்டாதோர் நீக்க முடியாது. டி.வி.டி.யிலோ 32 வரித் தொகுதிகள் வரை தனித்தனியே வைக்கலாம். வேண்டியதைப் பார்ப்பவர் தேர்ந்துகொள்ளலாம். அவ்வரிகள் சிறு படங்களாகவே பதிவாவதால், தமிழ் எழுத்து வராது என்ற சாக்கும் செல்லாது. இவ்வளவு இருந்தும், எங்கள் அலமாரியில் உள்ள தகடுகளில் ஆங்கிலம் ஒன்றே உண்டு. பலவற்றில் அதுவும் இல்லை. செவித்திறன் குறைந்தோருக்குத் திரையரங்குகளில் வசன வரிகள் முதலிய வசதிகள் வேண்டுமென மத்திய அரசு 2024இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அரங்கில் வேண்டுவது வீட்டிலும் வேண்டும் அல்லவா? தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே வரிகள் வேண்டும். இடி, அழைப்பு மணி, திரைக்குப் பின் எழும் அழுகை இவற்றையும் அவை குறிக்க வேண்டும். பம்பாய் போன்ற நகரங்களுக்கு இந்தியும் மராத்தியும் சேர்ந்தால் அண்டை வீட்டாரும் உடனிருந்து பார்ப்பர்.

பாட்டைப் பெயர்ப்பது எளிதன்று என்பதை நான் அறிவேன். சிலேடையைக் கண்டால் எனக்கும் கை நடுங்கும். ஆயினும் ஆறு பாடல்களின் வரிகள் நூறைச் சற்றே தாண்டும். தேர்ந்த ஒருவருக்கு அது சில நாள் வேலை. அவருடைய பெயரையும் உறையில் அச்சிட்டால் இன்னும் கவனமாகச் செய்வார்.

எங்கள் ‘கர்ணன்’ தகட்டில் இப்பொழுது கீறல்கள் விழுந்துவிட்டன, எனினும் ஓடுகிறது. அந்தப் பாட்டைப் பெரிய எழுத்தில் தமிழிலும், தாளின் மறுபக்கத்தில் அதன் பொருளை ஆங்கிலத்திலும் எழுதி, உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். களக்காட்சி நெருங்கும்போது பாட்டியும் பேத்தியும் அந்தத் தாளுக்குக் கை நீட்டுகிறார்கள்.