ஆய்வில் மக்களின் பங்கு

சுகாதார ஆய்வில் மக்கள் பங்கேற்பு என்றால், ஒப்புதல் படிவத்தில் பெருவிரல் ரேகை பெறுவது என்றே பலரும் கருதுகின்றனர். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து அனுபவம் வேறுவிதமானது. 1986-இல் அங்கு ‘சர்ச்’ நிறுவனத்தைத் தொடங்கிய மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் ஆகியோர் எடுத்துக்கொண்ட தொடக்க ஆய்வுகளுள் ஒன்று அரிவாளணுச் சோகை பற்றியது. நோய் இருப்பது உறுதியாயிற்று. பழங்குடி மக்களோ அதில் நாட்டம் கொள்ளவில்லை. அது ஆய்வாளர் தேர்ந்த பொருள்.

பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகள் மடிவது அவர்கள் வீடுகள் அறிந்த துயரம். எனவே பின்னர் 39 கிராமங்களில், ஐந்து முதல் பத்து வகுப்பு வரை படித்த உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்றுப் பிறப்பு இறப்புகளைப் பதிந்தனர். குழந்தைகளை எடை பார்த்தனர். நோய்த்தொற்றின் அறிகுறி கண்டு, பெற்றோர் இசைவுடன் ஊசியும் போட்டனர். ஊசியை மருத்துவரின் தனியுரிமையாக எண்ணுவோர்க்கு இது உவப்பாக இராது! மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக் கிராமங்களை நோக்க, பச்சிளங் குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது. 1999-இல் ‘லான்செட்’ இதழ் இம்முடிவை வெளியிட்டது.

2011-இல் மத்திய அரசு, இம்முறையைத் தழுவி, ‘ஆஷா’ பணியாளர் வழியே வீட்டுவழிப் பராமரிப்பை நாடெங்கும் மேற்கொண்டது. ஆயினும், கிராமத்தில் திரட்டும் புள்ளிவிவரம் மீண்டும் அக்கிராமத்தாரிடம் படித்துக் காட்டப்படுகிறதா என்பதை, ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் அலுவலர் வினவுதல் வேண்டும். ஆய்வுப் பொருளைத் தேர்ந்தவர் யார் என்பதையும்.