தனியாகப் பழகும் தற்காப்பு

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கப்படுகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் ஹாக்கி ஆடியவன். இப்போது பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லிக் கொடுக்கிறவன். ஆகவே ஹாக்கியில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். தற்காப்பு ஆட்டம். அதிலும், கூட ஆட ஆள் இல்லாத ஒரு பிள்ளை தற்காப்பு ஆட்டத்தைத் தனியாகப் பழகுவது எப்படி, அதற்கு என்னென்ன சாமான் வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

இதை ஏன் இங்கே பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். ஒரு கணக்குச் சொல்கிறேன். 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வகையில்தான் வருகின்றன. ஹாக்கிக்கு ஓர் அணிக்கு 11 பேர். எதிரணியும் சேர்த்தால் 22. முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை முப்பது நாற்பது பிள்ளைகளே உள்ள பள்ளியில் 22 பேரை எங்கே தேடுவது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயத்தில் பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் காலியாகிவிட்ட பிறகு, சாயங்காலம் மட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வருகிற பையனுக்குக் கூட ஆட ஒரு தம்பி கிடைப்பதே பெரும்பாடு. "ஆளு இல்ல சார், அதான் விட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் இதைப் பேசுகிறேன்.

கோல் அடிக்கப் பழகுகிறவனுக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவு இல்லை. ஒரு பந்து, இரண்டு கல், நடுவில் அடித்துக்கொண்டே இருக்கலாம். தற்காப்பு ஆட்டக்காரன் கதை அப்படியா? எதிராளி வந்தால்தானே அவனைத் தடுக்க முடியும்? ஆள் இல்லாமல் யாரைத் தடுப்பது? இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள், பயிற்றுநர்களில் சிலர் உட்பட. நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. எதிராளி வரும் நேரத்தில் தற்காப்பு ஆட்டக்காரன் செய்கிற வேலையில் பாதிக்கு மேல் அவனுடைய சொந்தக் கால், முதுகு, இடது கை ஆகியவற்றின் வேலை. அதைப் பழக்க எதிராளி தேவையில்லை.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே ஓர் ஆட்டம் இருக்கிறது. 1975ஆம் ஆண்டு உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசிய அணி அரையிறுதி வரை வந்தது. எதிரணி இந்தியா. மலேசியா 2க்கு 1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அஸ்லம் ஷேர் கான் அடித்தார், சமநிலை. கூடுதல் நேரத்தில் இந்தியா மூன்றாவது கோலையும் போட்டது. இறுதியாட்டத்தில் பாகிஸ்தானையும் வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. நமக்கு நான்காவது இடம். இன்றும் பெரியவர்கள் அந்த ஆட்டத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். யாரையும் குறை சொல்ல இதை நான் எடுக்கவில்லை. நாட்டுக்கே பெருமை சேர்த்த அணி அது. கோல் வட்டத்துக்குள் தற்காப்பு ஆட்டக்காரன் மட்டையைத் தவறான இடத்தில் நீட்டினால் பெனால்டி கார்னர் என்பது சட்டம். பந்தைத் தொடுவதற்கு முன் எதிராளியின் மட்டையைத் தட்டினாலும் தவறு, காலைத் தடுத்தாலும் தவறு. ஒரு பெனால்டி கார்னர் ஓர் உலகக் கிண்ணத்தையே புரட்டிப் போடும் என்றால், பந்தைச் சுத்தமாகப் பறிப்பது சின்ன விஷயமா?

சரி, சாமானுக்கு வருவோம். முதலாவது, சுவர்.

சுவரிலிருந்து ஐந்து எட்டுத் தள்ளி நில்லுங்கள். பந்தை ஓங்கி அடிக்கக் கூடாது, மட்டையால் தள்ளிவிடுங்கள். திரும்பி வரும் பந்தை, முழங்கால் மடக்கி, முதுகு தாழ்த்தி, மட்டையின் அடிப்பாகம் தரையோடு ஒட்டியிருக்க நிறுத்துங்கள். பந்து மட்டையில் பட்டு எகிறிப் போகக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க வேண்டும். மட்டையை இறுக்கிப் பிடித்தால் பந்து எகிறும். வலது கையைக் கொஞ்சம் தளர்த்தினால் மட்டை பந்தை வாங்கிக்கொள்ளும். ஹாக்கி மட்டையில் ஒரு பக்கம்தான் தட்டை என்பது உங்களுக்குத் தெரியும். வளைந்த பக்கத்தால் பந்தைத் தொட்டால் தவறு. ஆகவே வலது பக்கமாக வரும் பந்துக்கு ஒரு பிடி, இடது பக்கமாக வரும் பந்துக்கு மட்டையைப் புரட்டி இன்னொரு பிடி. நல்ல ஆட்டக்காரர்களே இடது பக்கப் பந்தில்தான் தடுமாறுவார்கள். சுவரில் சாக்கட்டியால் இரண்டு கட்டம் போட்டு மாறி மாறித் தள்ளினால் இரண்டு பிடியும் பழகிவிடும்.

ஆனால் சமமான சுவர் ரொம்ப நாணயமான கூட்டாளி. தள்ளிய மாதிரியே திருப்பிக் கொடுக்கும். ஆட்டத்தில் எந்த எதிராளி அப்படிக் கொடுப்பான்? அதற்குத்தான் இரண்டாவது சாமான், பழைய கார் டயர். டயரைத் தரையில் படுக்க வைத்து உள்ளே ஒரு கல்லைப் போட்டு நகராமல் செய்யுங்கள். அதன் வளைந்த விளிம்பில் பந்தைத் தள்ளினால், பட்ட இடத்தைப் பொறுத்து ஒரு தரம் வலது, ஒரு தரம் இடது, ஒரு தரம் நேராக மூஞ்சிக்கு என்று திரும்பி வரும். கண் பார்த்த உடனே கால் நகர வேண்டும். கடையில் இதற்கென்றே வலை கட்டிய சட்டமும் பலகையும் விற்கிறார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். டயர் அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஒன்று மட்டும்: டயரில் மழைத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். பயிற்சி முடிந்ததும் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கூரைக்கு அடியில் வையுங்கள். சுகாதார அதிகாரி சம்மன் எழுதினால் அப்பா மட்டையைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிடுவார்.

கோணலாகத் திரும்பும் பந்தை வைத்துத் தனியாகப் பழகுவது புதிய யோசனை அல்ல. 1908ல் பிறந்த ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன், பௌரல் என்ற சிற்றூரில் சிறுவனாக இருந்தபோது, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் வட்டமான செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதைக் கிரிக்கெட் ஸ்டம்பால் அடித்துப் பழகினார். இது பலருக்கும் தெரிந்த கதை. பலரும் சொல்லாத இன்னொரு பாதி இருக்கிறது: அதே பந்தை வேலியின் உருண்டைக் கட்டையில் எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்தும் பழகினார். அது அவருடைய தற்காப்புப் பயிற்சி. கூட ஆட ஆள் இல்லாததால்தான் இரண்டும்.

வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் உண்டாக்கிய லக்ராஸ் என்ற ஓர் ஆட்டம் உண்டு. நுனியில் வலை கட்டிய நீளக் கழியால் பந்தை ஏந்தி, எறிந்து, பிடித்து ஆடுவது. பந்து கெட்டியான ரப்பர். ஆண்கள் ஆட்டத்தில் தற்காப்பு ஆட்டக்காரர்களின் கழி 6 அடி வரை இருக்கும். 1904லும் 1908லும் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற அந்த ஆட்டத்தை 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஆட்டக்காரர்கள் தனியாகப் பழகுவது எப்படி? அவர்களுக்கும் சுவர்தான். கழியிலிருந்து பந்தைச் சுவரில் எறிந்து வலது கையால் பிடி, இடது கையால் பிடி என்று நூற்றுக்கணக்கில் செய்கிறார்கள். எதிராளியின் கழியைச் சட்டென்று குத்திப் பந்தை விழ வைப்பது அவர்களுடைய முக்கியமான தற்காப்பு. அதைப் பழக ஆள் உயரப் பொம்மையை நிறுத்தி, அதன் கையில் கழியைச் செருகிவைத்துக் குத்துகிறார்கள்.

நம் ஹாக்கியில் எதிராளியின் மட்டையைக் குத்தக் கூடாது, பந்தைத்தான் குத்த வேண்டும். இடது கையால் மட்டையின் நுனியைப் பிடித்து, தட்டைப் பக்கம் வானத்தைப் பார்க்க, தரையோடு தரையாக நீட்டிப் பந்தின் அடியில் குத்தி உடனே இழுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் குத்துவதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். இழுப்பதுதான் வராது. குத்திய மட்டையோடு உடம்பும் முன்னே சாய்ந்துவிட்டால் எதிராளி ஒரு எட்டில் தாண்டிப் போய்விடுவான்.

இதற்கு மூன்றாவது சாமான்: ஒரு பழைய காலுறை, ஒரு டென்னிஸ் பந்து, கொஞ்சம் கயிறு, ஒரு மாமரக் கிளை. பந்தைக் காலுறைக்குள் போட்டு, தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி கிளையில் தொங்க விடுங்கள். வலமும் இடமுமாக ஆட்டிவிடுங்கள். பந்து நடுவில் வரும்போது வேகம் அதிகம். ஓரத்துக்குப் போனதும் ஒரு கணம் நின்று பிறகு திரும்பும். அந்தக் கணத்தில்தான் குத்த வேண்டும். உண்மையான எதிராளியும் பந்தை இப்படித்தான் வலமும் இடமுமாகத் தட்டிக்கொண்டு வருவான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மட்டையைப் புரட்டும் நேரத்தில் பந்து அவன் மட்டையை விட்டு விலகியிருக்கும். தொங்கும் பந்து அந்தக் காத்திருப்பைக் கற்றுக் கொடுக்கிறது. அவசரப்பட்டு நடுவில் குத்துகிறவனுக்குப் பந்து கிடைக்காது, காற்றுதான் கிடைக்கும். குத்திய பிறகு பந்து தாறுமாறாகச் சுழலும்; ஒரு எட்டுப் பின்வாங்கி, மறுபடி தாழ்ந்து நின்று, மறுபடி பாருங்கள். என்னைக் கேட்டால், இந்த எல்லாச் சாமான்களிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இந்தக் காலுறையைத்தான் வைத்துக்கொள்வேன்.

காலுக்கு நான்கு பழைய செருப்பு போதும். எதிராளி இருக்கும் இடமாக ஒரு செருப்பை வைத்து அதை நோக்கி வேகமாக ஓடுங்கள். கடைசி மூன்று எட்டைச் சிறிதாக்கி வேகத்தை அடக்கி, பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். பிறகு நண்டு மாதிரி சாய்வாகப் பின்வாங்கி அடுத்த செருப்புக்குப் போங்கள். நேராகப் பின்னால் ஓடினால் விழுவீர்கள். முழு வேகத்தில் போய் எதிராளி மேல் பாய்கிற பிள்ளையைத் திடலில் தினம் பார்க்கிறேன். அந்தக் கடைசி மூன்று எட்டு அவனுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பெற்றோர்களுக்கு. "டேய், செவத்துல அடிக்காதடா, அப்பா தூங்குறாரு!" என்ற சத்தம் எல்லா வீட்டிலும் கேட்பதுதான். விடியற்காலை எழுந்து வேலைக்குப் போனவர் மத்தியானம் கண் அயர்வது நியாயம். வீட்டுச் சுவர் வேண்டாம். பள்ளிச் சாமான் அறையின் பின்சுவரைப் பிள்ளைகளுக்கு விடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன், சம்மதித்திருக்கிறார். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். அதனால் பாடம் கெட்டுவிடாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டென்னிஸ் பந்துதான். உண்மையான ஹாக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் எடை, கல் மாதிரி. சுவரில் பட்டு எகிறினால் பல் போய்விடும். பல் காப்பு இல்லாமல் அதைத் தொட விடாதீர்கள். முதல் இடி கேட்டதும் பயிற்சி முடிந்தது, மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது, கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று ஒரு தாயார் கேட்டார். ஆடுவது ஆணா பெண்ணா என்று பந்துக்குத் தெரியாதம்மா என்றேன். அந்தப் பிள்ளை இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

எல்லாமே தனியாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எதிராளியின் தோளைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்புவான் என்று கண்டுபிடிப்பதும், கூட ஆடுகிறவனுக்குக் குரல் கொடுப்பதும் ஆளோடுதான் வரும். அக்காவோ மாமாவோ பத்து நிமிடம் எதிரே வந்து பந்தைத் தட்டினால் பெரிய உதவி. ஆனால் கால் பழகி, மட்டை தாழ்ந்து, காத்திருக்கத் தெரிந்த பிள்ளை மாவட்ட அணித் தேர்வுக்குப் போனால், இருநூறு பேர் ஆடும் பெரிய பள்ளியிலிருந்து வந்தவனோடு சரிசமமாக நிற்கும்.

மாணவர்களே, கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போடுங்கள். டயரில் 20 பந்து தள்ளி எத்தனை நிறுத்தினீர்கள் என்று தினம் எழுதுங்கள். பொய் எழுத வேண்டாம், டயர் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் நான் வரும்போது புத்தகத்தைக் கேட்பேன்.

திடலோரத்தில் இரண்டு டயரும் ஒரு காலுறைப் பந்தும் கட்டி வைத்திருக்கிறேன். பரிசு வாங்கி முடித்ததும், தேநீருக்கு முன்னால், விருப்பமுள்ளவர்கள் வந்து குத்திப் பார்க்கலாம். அப்பாமார்களும் வரலாம்.