எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால்

(லைட்ஹவுஸ் குப்பத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



"நம்ம தளத்துக்கு நாளைக்கு நூறு பேர்தான் வர்றாங்க, எதுக்கு இவ்வளவு ஏற்பாடு?" என்று கேட்டீர்கள். இயக்கத் தளங்களுக்குக் கூட்டம் சாதாரண நாளில் வருவதில்லை. ஓர் ஆணவக்கொலை நடந்த இரவில் வரும், ஒரு தீர்ப்பு வந்த மதியத்தில் வரும், ஆட்சேபம் அனுப்பக் கடைசி நாளில் வரும். அன்று தளம் விழுந்துவிட்டால் மற்ற நாளெல்லாம் நின்றதில் என்ன பயன்?

2020-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை நினைத்துப் பாருங்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கும் இந்தக் கரைக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கான அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கப் பார்த்த வரைவு அது. கருத்துச் சொல்ல ஆகஸ்ட் 11 கடைசி நாள். அமைச்சருக்கு மின்னஞ்சல்கள் குவிந்தன. ஜூலையில் ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா உள்ளிட்ட அமைப்புகளின் தளங்கள் முடக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. டெல்லி காவல்துறையின் நோட்டீஸில் ஊபா பிரிவுகூட இருந்தது. பிறகு அது தவறுதலாகப் போய்விட்டது என்று திரும்பப் பெற்றார்கள். மக்கள் திரளாகப் பேசினாலே குற்றமாகப் பார்க்கிறவர்கள் இருக்கும்போது, நம் தளம் தானாகவே விழுந்து அவர்கள் வேலையை மிச்சப்படுத்தக் கூடாது.

ஏன் விழுகிறது? டைனமிக் தளம் என்பது வருகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தைப் புதிதாகச் சமைக்கிறது. ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிடம் போய்க் கேட்கிறது. ஒரு பக்கத்துக்கு அரை நொடி, ஒரே சமயத்தில் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 20 பேருக்குப் பரிமாறலாம். 200 பேர் வந்தால் 180 பேர் காத்திருப்பார்கள். காத்திருப்பவர் சும்மா இருப்பாரா? ரெஃப்ரெஷ் அழுத்துவார். வரிசை இன்னும் நீளும்.

இதற்குப் பெரிய சர்வர் வாங்கப் பணம் தேவையில்லை. சமைத்த பக்கத்தை ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். இதற்குப் பெயர் கேஷ். அந்த நிமிடத்தில் 6,000 பேர் வந்தாலும் சமைப்பது ஒரு முறைதான். படங்களைச் சுருக்குங்கள், 3 எம்பி படம் 100 கேபியில் தெளிவாகவே தெரியும். நெரிசல் நேரத்தில் தேடல் பெட்டியையும் 'அதிகம் படித்தவை' பட்டியலையும் நிறுத்திவிடுங்கள். படிவத்தை கேஷில் வைக்க முடியாது. ஆகவே வரும் மனுவை முதலில் பதிந்துகொண்டு, 'கிடைத்தது' என்று சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலாக அனுப்பும் வேலை பின்னால் வரிசையில் நடக்கட்டும். இதையெல்லாம் நெரிசல் வருவதற்கு முன்பே ஒத்திகை பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்கு உவப்பாக இருக்காது. வரிசை வைத்தாலே நியாயம் வந்துவிடாது. பழவேற்காட்டில் பாடு முறை உங்களுக்குத் தெரியும். இன்று யார், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. உள்ளே இருப்பவர்களுக்கு அது சண்டையில்லாத ஏற்பாடு. ஆனால் அதன் வேலி சாதி. பாரம்பரியமாகத் தலித்துகளும் இருளர்களும் அந்த வேலிக்கு வெளியேதான். தண்ணீரில் அமர்ந்து கையால் இறால் தடவும் இருளர் பெண்ணின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

தளத்திலும் இதே வேலியை அறியாமல் போட்டுவிடலாம். நெரிசல் வந்ததும், 'ஒரே ஐபி முகவரியிலிருந்து நிறையக் கோரிக்கை வந்தால் தடு' என்று பலரும் அமைத்துவிடுகிறார்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஏராளமான கைபேசிகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கலாம். அந்தத் தடை ஒரு குப்பத்தையே வெளியே நிறுத்தும்; நகரத்தில் வீட்டு பிராட்பேண்ட் வைத்திருப்பவர் தடையின்றி நுழைவார். ஆங்கிலத்தில் 'டிராஃபிக் லைட் எங்கே?' என்று கேட்கும் கேப்சாவும் அப்படித்தான். எனவே முகவரி வாரியான வரம்பைத் தாராளமாக வையுங்கள். படிப்பதற்கு வரம்பே வேண்டாம், படிவத்துக்கு மட்டும் போதும்.

சோதனையை உங்கள் லேப்டாப்பில் முடித்துவிடாதீர்கள். இருளர் குடியிருப்புக்குப் போய், அங்கே இருக்கும் பழைய கைபேசியில், அங்கே கிடைக்கும் சிக்னலில், அவர்கள் கையாலேயே ஒரு மனு அனுப்பச் சொல்லுங்கள். அது போய்ச் சேர்ந்தால் தளம் தயார். சேரவில்லை என்றால், கருத்துக்கேட்புத் தேதி வருவதற்குள் சரிசெய்ய நமக்கு வேலை இருக்கிறது.

ஜெய்பீம்.