வாளும் காதும்



2021 ஆகஸ்டில் நமது வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்கள் சுருக்குமடி வலைக்காக மோதிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். காவல்துறை வானத்தை நோக்கிச் சுட்டுக் கலைக்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட வேளையில் முதலில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இளையோர்தாம். ஊர்ப்பாசம்!

பேதுருவும் பாசத்தால்தான் வாளை உருவினார். மால்குவின் வலக் காது அறுந்தது. ஆண்டவர் வாளை உறையில் போடச் சொன்னதோடு நிற்கவில்லை, அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கினார். மறைக்கல்வி வகுப்பில் நாம் முதல் பாதியோடு நிறுத்தி, “சண்டை போடாதே” என்று அனுப்பிவிடுகிறோம். நண்பன் போனில் “உடனே வாடா” என்றால் என்ன பதில் சொல்வது? எந்தப் பெரியவரிடம் போவது? அடிபட்டவனை மறுநாள் எப்படிப் போய்ப் பார்ப்பது? இதையல்லவா பழக்க வேண்டும்!

பெற்றோரே, இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளோடு உட்காருங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.